ரைனோபியாஸ் மீன்: உண்மையிலேயே அரிதா, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லையா?

அஸ்தம்பட்டிக்காரன் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். சேலத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நாலைந்து மணி நேரம் ஆகும், ஆனாலும் மூன்று வருடமாக என் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதெல்லாம் கடலுக்கடியில்தான் போகிறது. புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற முதல் கட்ட டைவிங் பயிற்சி முடித்தேன், அந்தமான் ஹேவ்லாக்கில் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு முடித்தேன், இதுவரை 41 டைவ் ஆகியிருக்கிறது. அடுத்து இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் வடக்கு முனையில் இருக்கிற லெம்பே நீரிணைக்குப் போகப் பணம் கட்டிவிட்டேன். எட்டு நாள்.

ஒரே ஒரு மீனுக்காகத்தான் போகிறேன். ரைனோபியாஸ். தேள்மீன் குடும்பம், ஒரு சாண் நீளம்தான் இருக்கும். உடம்பு முழுக்கக் கிழிந்த பாசி மாதிரி தோல் தொங்கல்கள், வாய் மேலே பார்த்துத் தூக்கியிருக்கும், கண்ணுக்கு மேலே கொம்பு மாதிரி இரண்டு நீட்டல். ஊதா, சிவப்பு, மஞ்சள், ரோஸ், காப்பிப்பொடி நிறம் என்று ஒவ்வொரு மீனும் ஒரு நிறம். படத்தில் இவ்வளவு பளிச்சென்று தெரிகிற மீன் தண்ணீருக்குள் எப்படிக் கண்ணில் படாமல் போகும் என்பது எனக்கு விளங்கவில்லை. நூற்றுக்கணக்கில் டைவ் அடித்தவர்களே ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்கிறார்கள்.

நான் கேட்க நினைப்பது இதுதான். இந்த மீன் எண்ணிக்கையிலேயே குறைவா, இல்லை இருந்தும் நமக்குத் தெரியாமல் இருக்கிறதா? நானே தேடிப் பார்க்க ஏதாவது பழக்கம் இருக்கிறதா, அல்லது கைடு காட்டினால்தான் உண்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் வேறொரு இடத்தில் டைவ் போனபோது எங்களைக் கூட்டிப் போனவர் ஒரு இலைத் தேள்மீனைக் காட்டினார். பாறை இடுக்கில் பழுத்த இலை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. படம் சரியாக வராது என்று அவரே கையில் இருந்த எஃகுக் குச்சியால் அதைத் தள்ளி வெறும் மணலில் கொண்டுவந்து வைத்தார். அது பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது, செவுள் படபடவென்று அடித்தது, மறுபடி பாறைப் பக்கம் போகப் பார்த்தது, அவர் மறுபடியும் இழுத்தார். நாங்கள் நாலு பேரும் படம் எடுத்தோம். நானும் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது, பார்க்கப் பிடிக்கவில்லை. லெம்பேயில் அப்படி நடக்கக் கூடாது. ஆனால் என் கண்ணை நம்பி மட்டும் போனால் ஒன்றும் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அடையாறு_அலை எழுதியது:

தம்பி, நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். இரண்டு லெம்பேயில், ஒன்று பாலியில். அந்த மூன்றில் ஒன்றுதான் நானாகக் கண்டுபிடித்தது, அதுவும் நூற்றைம்பது டைவுக்கு மேல் ஆன பிறகு. அதனால் 41 டைவில் பயம் வருவது சரிதான், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

முதலில் நிறத்தைப் பற்றி. படத்தில் தெரிகிற சிவப்பு, ஃபிளாஷ் அடித்ததால் வந்த சிவப்பு. தண்ணீர் முதலில் விழுங்குகிற நிறமே சிவப்புதான், ஐந்து பத்து மீட்டர் இறங்கினாலே சிவப்பு மங்கிச் சாம்பலும் பழுப்புமாக ஆகிவிடும். இருபது மீட்டரில் ஒரு ரத்தச் சிவப்பு ரைனோபியாஸ் உட்கார்ந்திருந்தால் உங்கள் கண்ணுக்கு அது ஒரு கருத்த பாசிக் கொத்து, அவ்வளவுதான். டார்ச் அடித்தால்தான் குங்குமம் கொட்டினது மாதிரி எரியும். பகல் டைவிலும் கையில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் முறை காட்டியதே அந்த வெளிச்சம்தான்.

இரண்டாவது, இடம். நாம் அழகான பவளப்பாறைக்கு மேலே மிதந்துகொண்டு தேடுவோம், இது அங்கே அவ்வளவாக இருக்காது. உடைந்த பவளத் துண்டு கிடக்கிற இடம், கருமணல், பாசி முளைத்த கட்டாந்தரை, பாறையும் மணலும் சேர்கிற ஓரம், அங்கேதான் உட்காரும். லெம்பேயில் தரை முழுக்க எரிமலை மணல், கறுப்பாக இருக்கும். முதல் நாள் இறங்கியதும் "இதற்கா இவ்வளவு செலவு செய்து வந்தோம்" என்று தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். சேறு, மணல், குப்பை என்று இப்படிப்பட்ட தரையில் தேடுவதற்கு மக் டைவிங் என்று பெயர். பப்புவா நியூ கினியின் மில்னே விரிகுடாவில் படகு ஓட்டிய பாப் ஹால்ஸ்டெட் வைத்த பெயர் என்பார்கள். அந்த மாதிரித் தரையில் ஆட்கள் இறங்க ஆரம்பித்த பிறகுதான் ரைனோபியாஸ் அடிக்கடி படத்தில் வரத் தொடங்கியது. மீன் கூடிவிடவில்லை, நாம் பார்க்கிற இடம் மாறியது.

மூன்றாவதுதான் முக்கியம். மீனைத் தேடாதீர்கள். மீன் உருவத்தை அழிப்பதற்காகத்தான் அதன் உடம்பே இருக்கிறது, தொங்கல், ஓட்டை மாதிரி வட்டங்கள், கிழிசல், எல்லாம் ஓரக்கோட்டை உடைப்பதற்கு. அதனால் மறைக்க முடியாத இரண்டைத் தேடுங்கள். ஒன்று கண், இன்னொன்று வாயின் வளைவு. பாசியில் எங்கேயும் வட்டமாக ஒரு பளபளப்பு இருக்காது. நான் தனியாகக் கண்டுபிடித்த அன்று நடந்தது இது: ஒரு ஊதாக் கொத்தைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டேன், ஏதோ உறுத்தியது, திரும்பினேன். அலை இழுப்பில் சுற்றி இருந்த பாசி எல்லாம் ஒரே சமயத்தில் ஆடியது, இந்தக் கொத்தும் ஆடியது, ஆனால் அரை நொடி பிந்தி. அப்புறம் தண்ணீர் நின்றது, பாசி நின்றது, இது மட்டும் இன்னும் ஒரு தடவை ஆடியது. குனிந்து பார்த்தால் கீழே கை மாதிரி இரண்டு துடுப்பு தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது அதிகம் நீந்தாது, அந்தத் துடுப்பால் தத்தித் தத்தி நடக்கும். தொடாமல் பதினெட்டு நிமிடம் பக்கத்தில் இருந்தேன், அது நாலு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

மிதவைக் கட்டுப்பாட்டை, அதாவது தண்ணீருக்குள் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பதை, சரி செய்துகொண்டு போங்கள். அந்த மணலில் காலில் மாட்டிய துடுப்பை ஒரு தடவை தப்பாக அடித்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது, கூட வந்தவர்களுக்கும் சேர்த்து.

கைடு விஷயம்: அவர்கள் இல்லாமல் முடியாது, அதில் வெட்கம் வேண்டாம். இந்த மீன் ஒரு இடம் பிடித்தால் பல நாட்கள் அந்தச் சுற்றிலேயே இருக்கும், தினமும் இறங்குகிறவர்களுக்கு அது எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்பது தெரிந்திருக்கும். ஆனால் "தொட வேண்டாம்" என்று படகில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். தண்ணீருக்குள் சொல்ல முடியாது.


காப்பித்தோட்டம் எழுதியது:

நான் டைவர் இல்லை, நீச்சலே சுமார்தான். சேர்வராயன் மலையில் எங்களுக்கு ஒரு சின்ன காப்பித் தோட்டம் இருக்கிறது, இருபத்தைந்து வருடமாகப் பறவை பார்க்கிறேன். ஆனால் அக்கா எழுதியதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கண்ணைத் தேடு என்பது அப்படியே பக்கிக்குப் பொருந்தும்.

பக்கி தெரியும்தானே, இரவில் ரோட்டில் உட்கார்ந்து வண்டி வெளிச்சத்தில் கண் சிவப்பாக மின்னிக்கொண்டு எழுந்து பறக்குமே, அதுதான். பகலில் அது சருகுக்குள் படுத்திருக்கும். கூடு கட்டாது, சருகின் மேலேயே முட்டை இடும். ஒரு வருடம் கவாத்து நேரத்தில் எங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். காலடியில் இரண்டு முழம் தூரத்தில் பறவை. எனக்குத் தெரியவில்லை. விரல் நீட்டிக் காட்டினார், அப்பவும் தெரியவில்லை. சில்வர் ஓக் சருகு, ஒரு காய்ந்த குச்சி, அதன் நிழல், இவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. "கண்ணு பாருங்க, கோடு மாதிரி மூடியிருக்கு" என்றார். அந்தக் கோட்டைப் பிடித்ததும் முழுப் பறவையும் ஒரே நொடியில் எழுந்து வந்தது, அதற்குப் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மா காட்டிய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு கல்லை நட்டு வைத்து, அந்தப் பாத்தியில் மட்டும் பத்து நாள் கழித்துக் கவாத்து செய்தோம்.

அந்தப் பறவை எங்கள் மலையில் அரிதா என்றால் இல்லை, சாயங்காலம் காது கொடுத்தால் எல்லாப் பக்கமும் கேட்கும். பகலில் பார்த்தவர்களைக் கேளுங்கள், பத்து பேரில் ஒருவர் தேற மாட்டார். கடலில் இருக்கிற மீன் கூவாதே, அதனால் அதை எண்ணக் காதும் உதவாது.

இன்னொன்று, அக்கா மீன் ஆடுவதைப் பற்றிச் சொன்னதும் எனக்குப் பச்சோந்தி ஞாபகம் வந்தது. மலை அடிவாரத்துப் புதர்க்காட்டில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலை எடுத்து வைப்பதற்கு முன்னால் முன்னும் பின்னும் நாலு தடவை ஆடும், காற்றில் இலை ஆடுகிற மாதிரி. காற்று இல்லாத நேரத்திலும் ஆடும், அங்கேதான் மாட்டிக்கொள்ளும். மலையில் பச்சோந்தியும் கடலில் அந்த மீனும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது, ஆனாலும் இரண்டும் ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அசையாமல் இருப்பதுதான் மறைவு என்று நாம் நினைக்கிறோம். சுற்றி எல்லாம் ஆடும்போது அசையாமல் இருப்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

தம்பி, லெம்பேக்கு இன்னும் நாள் இருந்தால் ஒரு ஞாயிறு மேலே வாருங்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் அதை மட்டும் பாருங்கள். குச்சிப்பூச்சி, மரப்பட்டை நிறத்து அந்துப்பூச்சி, ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். கண் பழகுவதற்குக் கடல் தேவையில்லை.


பாம்பன்காற்று எழுதியது:

ராமநாதபுரம் பக்கம். கடல் உயிரியல் படித்தவன், இப்போது வேறு வேலை. முதல் கேள்விக்கு என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

ரைனோபியாஸ் என்பது ஒரே மீன் இல்லை, ஒரு பேரினம், அதில் ஐந்தாறு இனங்கள். லெம்பேயில் நீங்கள் பார்க்க வாய்ப்புள்ளவை இரண்டு, கிழிசல் நிறைய இருக்கிற ஃபிராண்டோசா, தொங்கல் குறைவாக வழுவழுவென்று இருக்கிற எஷ்மேயெரி. ஃபிராண்டோசாவுக்கு 1892-லேயே குந்தர் என்கிற விலங்கியலாளர் பெயர் வைத்துவிட்டார், மொரீஷியஸில் கிடைத்த மீனை வைத்து. பப்புவா நியூ கினி, நியூ கலிடோனியா, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு என்று அந்தப் பக்கம் கிடைக்கிற இனம் அஃபானிஸ், உடம்பில் வலைப்பின்னல் போட்டது மாதிரி இருக்கும். அது இறகுக் கொத்து மாதிரி இருக்கிற ஃபெதர் ஸ்டார் என்கிற உயிரியைப் போலத் தெரியும். மீன் ஆய்வாளர் எஷ்மேயர் 1973-ல் அதற்குப் பெயர் வைத்தபோது கிரேக்கத்தில் "கண்ணுக்குத் தெரியாதது" என்ற பொருள் வரும்படி வைத்தார்.

இப்போது அரிதா என்ற விஷயம். ஃபிராண்டோசா தென்னாப்பிரிக்கக் கரையில் இருந்து ஜப்பான் வரைக்கும் கிடைத்திருக்கிறது. 13 மீட்டரில் இருந்து 90 மீட்டர் வரை ஆழம். உங்கள் அட்வான்ஸ்டு சான்றிதழ் 30 மீட்டரோடு முடிகிறது. அதாவது அதன் வீட்டில் பெரும்பகுதிக்குள் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பரப்பு பெரிது, ஆனால் கூட்டமாக இருக்காது, தனியாகவோ ஜோடியாகவோ இருக்கும், ஓடித் துரத்தாது, இரை வாய்க்கு நேரே வரும் வரை காத்திருந்து ஒரே உறிஞ்சில் விழுங்கும். இப்படிப் பிழைக்கிற மீன் நெருக்கமாக இருக்க முடியாது என்பது என் கருத்து. ஆகவே இரண்டும் உண்மை: பரவலாக இருக்கிறது, எங்கேயும் அடர்த்தியாக இல்லை. அதற்கு மேல்தான் மறைவு வருகிறது. தோலில் பாசியும் ஒட்டுண்ணியும் படிந்துவிட்டால் மேல் தோலைப் பாம்புச் சட்டை மாதிரி உரித்துப் போட்டுவிடும்.

நம் கடலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவில் சேதுக்கரைப் பக்கம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கடல்புல் பரப்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு தேள்மீன் கிடைத்தது, 2020-ல் செய்தியாக வந்தது. ஸ்கார்பினாப்சிஸ் நெக்லெக்டா. இந்தியக் கடலில் உயிரோடு பார்த்தது அதுதான் முதல் முறை. பார்த்ததும் மீன் என்றே தெரியவில்லை, செத்த பவளத் துண்டு என்று நினைத்திருக்கிறார்கள். தொட்ட சில நொடிகளில் வெள்ளையாக இருந்தது நிறம் மாற ஆரம்பித்ததாம். "நெக்லெக்டா" என்றால் லத்தீனில் கவனிக்காமல் விடப்பட்டது. சேதுக்கரை ஆட்கள் நாள்தோறும் நடக்கிற தண்ணீர் அது.

இதில் என்னை உறுத்துவது வேறு. இழுவை மடியில் இறாலோடு சேர்ந்து வருகிற விலை போகாத பொடி மீனை இங்கே சங்காயம் என்போம். கரையில் கொட்டிக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகும், உங்கள் பக்கத்து நாமக்கல் வரைக்கும். நான் படிக்கும்போது அந்தக் குவியலைக் கிளறிப் பார்ப்பேன். பாதி நசுங்கிய தேள்மீன்கள், கடல் குதிரை, பெயர் சொல்ல முடியாத எத்தனையோ. அதில் எது அரிது, எது சாதாரணம் என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? ஒரு மீனைப் பார்க்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போகிறோம். நம் பாரில், அதாவது நம் கடலடிப் பாறைத் திட்டில், இருப்பதை எடை போட்டு மூட்டை கட்டுகிறோம். தம்பியைக் குறை சொல்லவில்லை, அவர் போய்ப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் இந்தப் பக்கமும் ஒரு தடவை வரட்டும், நான் கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.


செவ்வாய்ப்பேட்டை_செவிலி எழுதியது:

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். தேள்மீன் குடும்பம் முழுக்க முதுகு முள்ளில் விஷம் உண்டு. தெரியாமல் கை ஊன்றிக் குத்திவிட்டால் கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள். தாங்குகிற அளவு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்திய இடத்தை அரை மணியில் இருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைக்க வேண்டும். அந்த விஷம் புரதம், சூட்டில் கெடும், வலி குறையும். குத்திய கைக்குச் சூடு தெரியாமல் போகலாம், அதனால் நல்ல கையை விட்டுச் சூடு பாருங்கள். அப்புறம் மருத்துவமனைக்குப் போங்கள், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். படகில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறதா என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.


அஸ்தம்பட்டிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் போடத் தாமதம், ஏனென்றால் காப்பித்தோட்டம் அண்ணன் சொன்னபடி ஞாயிறு காலை ஐந்தரைக்கே கிளம்பி மேலே போய்விட்டேன்.

அவர் எனக்கு மிளகுக் கொடி ஏறின ஒரு சில்வர் ஓக் மரத்தைக் காட்டி, மார்பு உயரத்தில் இருந்து இடுப்பு வரைக்கும், இதை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டார். நாலு நிமிடம் பட்டை மட்டும்தான் தெரிந்தது. வெள்ளைப் பூஞ்சைத் திட்டு, வெடிப்பு, ஒரு எறும்பு வரிசை. அந்த எறும்புகள் ஓர் இடத்தில் மட்டும் வளைந்து போயின. ஏன் வளைகின்றன என்று பார்த்தால் அங்கே ஒரு அந்துப்பூச்சி, இறக்கையைப் பட்டையோடு ஒட்டிப் பரப்பி, விளிம்பே இல்லாமல். உள்ளங்கை அளவு. என் மூக்குக்கு நேரே இவ்வளவு நேரம் இருந்திருக்கிறது. கையை நீட்டப் போனேன், நிறுத்திக்கொண்டேன். அது உட்கார்ந்த இடத்தை அதுவே தேர்ந்தெடுத்திருக்கிறது, அந்த ஒரு இடத்தில்தான் அது மரம். வேறு எங்கே நகர்த்தினாலும் வெறும் பூச்சி, காக்கைக்குத் தீனி. அன்றைக்கு மணலில் சாய்ந்து விழுந்த அந்த இலைத் தேள்மீனுக்கு நாங்கள் செய்தது என்ன என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அந்தப் படத்தை இறங்கும் வழியில் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் அழித்துவிட்டேன்.

பாம்பன்காற்று அண்ணா, ராமநாதபுரம் கட்டாயம் வருகிறேன். லெம்பேயில் இருந்து வந்த அடுத்த மாதமே.

அடையாறு அக்காவுக்கு ஒரு கேள்வி. தொட வேண்டாம் என்பதை அந்த ஊர் மொழியில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்களோ என்று இருக்கிறது.


அடையாறு_அலை எழுதியது:

"ஜாங்கன் செந்து." முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், கூடவே உங்களுக்குப் படம் வராவிட்டாலும் பரவாயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவர்கள் குச்சியை எடுப்பது பெரும்பாலும் விருந்தாளி வெறுங்கையோடு போகக்கூடாது என்ற கவலையில்தான். பார்த்தால் எந்த நிறம் என்று எழுதுங்கள்.